அண்ணன் கிடந்த வராண்டா

எங்கள் ஊரில் சீசன் என்பது வருஷத்துக்கு இரண்டு மாதம்தான். பங்குனி கடைசியில் சிதம்பரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் பெட்டி படுக்கையோடு பங்களாக்காரர்கள் வந்து இறங்குவார்கள். முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டு கடலில் குளித்துவிட்டதாகச் சொல்லிக்கொள்வார்கள். ஒரு நண்டு ஓடினால் ஊரைக் கூட்டுவார்கள். வைகாசி முடிவதற்குள் வாரிச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அதன் பிறகு கரையில் இருந்த ஆறு பங்களாவும் பூட்டியே கிடக்கும். அவற்றின் சாவிகள் எங்கள் குப்பத்து வீடுகளில் தொங்கும்.

தெற்குக் கோடி பங்களாவின் சாவி என் அம்மாவிடம் இருந்தது. வீட்டுக்காரர் அண்ணாமலை நகரில் பெரிய உத்தியோகத்தில் இருந்தார். குடியிருந்தது குவார்ட்டர்ஸில். ரிடையர் ஆனதும் இங்கேயே வந்து கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடப் போவதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். சொந்தமென்று அவருக்கு அந்த ஒரு வீடுதான். அவர் மனைவியை நாங்கள் பங்களாம்மா என்போம். அவர்களுக்கு ஒரே மகள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது.

ஆள் இல்லாத வீட்டைப் பார்த்துக்கொள்வது சும்மா வேலை இல்லை. உப்புக் காற்று கதவுக் கீலை அரித்துவிடும். மணல் எந்த இடுக்கில் நுழைகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது. வெள்ளிக்கிழமை தோறும் அம்மா ஜன்னல்களைத் திறந்து வைத்து, கூட்டிப் பெருக்கி, கீலுக்கு எண்ணெய் விட்டுவிட்டு வருவாள். ஐப்பசி பிறந்ததும் கிழக்குப் பக்க ஜன்னல்களுக்குத் தென்னங்கீற்றுத் தட்டி கட்ட வேண்டும். அது என் அண்ணன் வேலை. "காத்து வாங்கக் கட்டின வூடு. அந்தக் காத்தைத் தடுக்க ஒரு ஆளு" என்று சிரித்துக்கொண்டே கட்டுவான்.

அறுபதுகளின் நடுவில் ஒரு கார்த்திகை. நாலு நாள் மழைக்குப் பிறகு வானம் கொஞ்சம் வெளுத்தது. வீட்டில் அரிசிப் பானை காலி. அண்ணனும் இன்னும் இரண்டு பேரும் கட்டுமரத்தை இறக்கினார்கள். அந்த இரண்டு பேரும் சாயங்காலம் திரும்பி வந்தார்கள். அண்ணன் மூன்றாம் நாள் காலையில், பங்களாவுக்குத் தெற்கே, கரையில் ஒதுங்கினான்.

கடலில் செத்தவனை நாங்கள் குப்பத்துக்குள் கொண்டுவர மாட்டோம். கரையிலேயே கிடத்தி, கரையிலேயே குளிப்பாட்டி, அங்கிருந்தே எடுத்துக்கொண்டு போவோம். வீட்டுக்குள் கொண்டுவந்தால் அவனைத் தேடிக் கடலும் பின்னாலேயே வரும் என்று பயம். வழக்கமாகப் பாய்த்துணியைக் கட்டி நிழல் போடுவோம். அன்றைக்கு மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது. கட்டிய துணியையெல்லாம் காற்று பிடுங்கி எறிந்தது. போலீஸ் வந்து பார்க்காமல் அடக்கம் செய்யக் கூடாது. கடலூர் முதுநகர் ஸ்டேஷனிலிருந்து அவர்கள் வர வேண்டும், பாதையெல்லாம் வெள்ளம். மூன்று நாள் தண்ணீரில் கிடந்த பிள்ளை, கரைக்கு வந்தும் தண்ணீரிலேயே கிடந்தான்.

அம்மா எழுந்து போய் பங்களா வராண்டாவின் கம்பிக் கதவைத் திறந்தாள். "தூக்கியாங்க" என்றாள்.

ஊர்ப் பெரியவர் தயங்கினார். "இன்னாம்மா இது? கடல்ல போனவன வூட்டுக்குள்ள வைக்கறதா? அதுவும் அடுத்தவங்க வூட்டுல?"

"வூடா?" என்றாள் அம்மா. "அடுப்பு எரியுதா அதுல? வெளக்கு எரியுதா? ஆளு இல்லாதப்ப அதுவும் கரைதான். தூக்குங்க."

பெரியவர் ஒதுங்கி வழிவிட்டார். எங்கள் கணக்குப்படி அது சரியாகவே பட்டது. பூட்டிக் கிடந்தாலும் வீடு வீடுதான் என்று நினைக்கிற மனிதர்களும் இருக்கிறார்கள் என்பது அந்த மழையில் ஒருத்தர் நினைவுக்கும் வரவில்லை.

வராண்டாவில் இருந்த நீள மர பெஞ்சில் அண்ணனைக் கிடத்தினார்கள். அம்மா தன் சேலை ஒன்றால் அவன் முகத்தை மூடிவிட்டாள். என்னைப் பார்க்க விடவில்லை. சாயங்காலம் போலீஸ் வருகிறவரைக்கும் தரையில் உட்கார்ந்து அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் "நனையாம கெடக்கறான்" என்று மட்டும் சொன்னாள்.

சவுக்குத் தோப்புக்குப் பக்கத்து மணல்மேட்டில் அவனைப் புதைத்தோம். மார்கழியில் கடல் ஏறி வந்து அந்த மேட்டை அப்படியே கரைத்துக்கொண்டு போய்விட்டது. அவனுக்குப் போட்டோ எடுத்ததில்லை. சட்டை ஒன்று இருந்தது, அதையும் சடங்கில் கொடுத்துவிட்டோம். அவன் இருந்தான் என்று காட்ட அம்மாவுக்கு அந்த வராண்டா ஒன்றுதான் மிச்சம். வெள்ளிக்கிழமை வேலை தினசரி வேலை ஆயிற்று. காலையில் போய் மஞ்சள் தண்ணீர் தெளித்துப் பெருக்கிவிட்டு, அந்த பெஞ்சுக்குக் கீழே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வருவாள். அப்பா தடுத்துப் பார்த்தார். "வூட்டுல இருந்தா எனக்கு மூச்சு முட்டுது" என்றாள்.

மாசி முடிகிற சமயத்தில் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"அவன் செத்துட்டத சொல்லலாம். இங்க கெடத்துனத மட்டும் சொல்லக் கூடாது. சொன்னா சாவிய வாங்கிக்குவாங்க. அப்புறம் நா எங்கடி போவேன்? உன் ஓட்டை வாய மூடி வெச்சுக்க."

எனக்கு ஓட்டை வாய்தான், அது ஊருக்கே தெரியும். சத்தியம் செய்து கொடுத்தேன். அம்மா பெஞ்சைச் சுவரோரம் நகர்த்தி, அதன்மேல் குரோட்டன்ஸ் தொட்டிகளை வரிசையாக வைத்தாள். யாரும் உட்காரக் கூடாது என்பதற்காக.

பங்குனியில் அவர்கள் வந்தார்கள். பங்களாம்மா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். துக்கத்துக்கென்று ஒரு புடவை கொடுத்தாள். தொட்டிகளைப் பார்த்து, "அழகா வெச்சிருக்கியே" என்றாள். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

ஒரு வாரம் ஓடியது. ஒரு மத்தியானம் நான் தண்ணீர்க் குடத்தோடு வந்தபோது, அவர்கள் மகள் தொட்டிகளையெல்லாம் இறக்கி வைத்துவிட்டு அந்த பெஞ்சில் படுத்துப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். அவள் புத்தகத்தை மூடினாள். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் கொஞ்சம் தயங்கிவிட்டு, "உங்க அண்ணன் முகத்தைக் கடைசியா நீ பார்த்தியா?" என்று கேட்டாள்.

அந்த நாலு மாதத்தில் என்னை ஒருத்தரும் எதுவும் கேட்கவில்லை. வந்தவர்கள் எல்லாம் அம்மாவைத்தான் கேட்டார்கள். என் அண்ணன் எனக்கும் செத்துப்போனான் என்பது யாருக்கும் தோன்றவில்லை. அவள் கேட்டதும் உள்ளே எதுவோ உடைந்துவிட்டது. தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வானம் வெளுத்தது, அவன் போனது, அம்மா முகத்தை மூடியது. முகத்தை மூடியது எங்கே என்பதும் அதோடு சேர்ந்து வந்துவிட்டது.

அவள் மெதுவாக எழுந்து நின்றாள். கத்தவில்லை. நல்ல பெண். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள். அவளும் சத்தியம் செய்தாள். ஆனால் சாயங்காலமே அவளுக்குக் காய்ச்சல் கொதித்தது. பயந்த காய்ச்சல். பங்களாம்மா பக்கத்தில் உட்கார்ந்து துருவித் துருவிக் கேட்டிருக்கிறாள். அந்தப் பெண் என்னதான் செய்வாள்?

மறுநாள் காலையில் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நானும் பின்னால் போனேன். அம்மா படிக்குக் கீழே மணலில் நின்றாள். பங்களாம்மாவுக்குக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"எனக்கு ஒரு தந்தி அடிச்சிருந்தா வேண்டாம்னா சொல்லியிருப்பேன்? அவன் எனக்கும் பிள்ளை மாதிரிதானே?"

அம்மா அந்த பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே எப்படி நான் இங்கே குழந்தையைத் தூங்க வைப்பேன், சொல்லு" என்றாள் பங்களாம்மா. சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதாள். "சாவியை வெச்சிட்டுப் போ."

பிள்ளை மாதிரி என்று அவள் சொன்னது நடிப்பு என்று வெகு நாள் கறுவிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. அம்மா முந்தானை முடிச்சிலிருந்து சாவியை அவிழ்த்துப் படியில் வைத்தாள். முடிச்சு இறுகிப்போய் அவிழவே நேரமாயிற்று. யாரும் உதவிக்கு வரவில்லை, நான் உட்பட.

அன்றைக்கே அவர்கள் போய்விட்டார்கள். ஆனியில் வீட்டை விற்றுவிட்டார்கள். ரிடையரானதும் அந்த அய்யா சிதம்பரத்தில் ஒரு சந்துக்குள் வாடகைக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். கடலைப் பார்க்கிற ஆசை அவருக்கும் அதோடு சரி. வாங்கினவர் கடலூர் வியாபாரி. சுற்றிலும் முள்கம்பி போட்டு, வெளியூரிலிருந்து காவல்காரன் ஒருவனைக் கொண்டுவந்து வைத்தார். வாரத்துக்கு ஒரு குடும்பம் என்று சீசனுக்கு வாடகைக்கு விட்டார்.

அடுத்த சீசனில் அம்மா போய்க் கேட்டாள். "வராண்டாவ மட்டும் பெருக்கித் தரேம்மா. கூலி வேணாம்." வாடகைக்கு வந்திருந்த அம்மாள் ஏற இறங்கப் பார்த்தாள். கூலி வேண்டாம் என்பவளை யார் நம்புவார்கள்? திருட வந்தவள் என்று நினைத்து, காவல்காரனைக் கூப்பிட்டு விரட்டச் சொன்னாள்.

சீசன் முடிந்து ஆள் போனதும், காவல்காரன் சாப்பிடப் போகிற நேரம் பார்த்து, அம்மா முள்கம்பிக்கு வெளியே போய் உட்கார ஆரம்பித்தாள். ஒரு நாள் கூப்பிடப் போன நான் திரும்பாமல் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். ஒரு வருஷத்துக்கு மேல் மறைத்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அம்மா, நாந்தான் சொன்னேன்."

"தெரியும்" என்றாள். என் பக்கம் திரும்பவில்லை. "நீயாவது ஒருத்திகிட்ட சொல்லி அழுத. நா அந்தச் சாவிக்காக வாயையே தொறக்காம இருந்துட்டேன். எம்புள்ளைய பத்தி ஒரு வார்த்த யார்கிட்டயும் பேசல."

என் கையைப் பிடித்தாள்.

"அவகிட்ட இன்னா சொன்னியோ, அத எங்கிட்டயும் சொல்லு."

என்னால் முடியவில்லை. அப்புறம் சொல்கிறேன் என்று அவளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் இருந்தாள். நான் சொல்லவே இல்லை.