ஒன்றரை டன் போதும் என்றவர்

அமீரகத்தில், ராஸ் அல் கைமா கல்குவாரி கேம்ப்பில் எங்கள் அறை ஏசி கெட்டுப்போனது. புதிதாக ஒன்றரை டன் வேண்டுமா, இரண்டு டன்னா என்று கேம்ப் பாஸ் கேட்டார். எல்லோரும் இரண்டு டன் என்றோம். கல் உடைக்கும் கிரஷரில் வேலை பார்த்த அண்ணன் மட்டும் ஒன்றரை என்றார். நெடிய உருவம், இமை மயிரில் எப்போதும் கல்தூசி. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவார்.

“குளிரு தாங்கலையாண்ணே?” என்று கேட்டேன்.

“குளிரைத் தாங்கிரலாம் தம்பி. ராத்திரி அதுக்குப் பழகிட்டா பகல்ல வெயிலத் தாங்க முடியாது. உனக்கு ஸ்டோர் உள்ள டூட்டி, தெரியாது.”

இரண்டு டன்னே வந்தது. அன்றே அவர் கட்டிலை வராந்தாவுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். வீம்பு என்று சிரித்தோம்.

ஆகஸ்ட் காலைகளில் கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடிக்கும். நாங்கள் வாசலிலேயே தயங்கி நிற்போம். அவர் அதற்குள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருப்பார்.