சதுக்கத்துக்கு வராத மழை

எண்பதுகளின் தொடக்கத்தில், திருச்சியில் கட்டடக்கலை கற்பிக்கும் கல்லூரி ஒன்றில் இளநிலை விரிவுரையாளனாகச் சேர்ந்தேன். அப்போது என்னிடம் இருந்தவை இரண்டு: ஒரு பட்டமும், ஓர் அலமாரி நிறையச் சுழற்கோப்பைகளும். மாணவப் பருவத்தில் நான் ஏறாத பட்டிமன்ற மேடை இல்லை. “இந்தப் பையனை எந்த அணியில உட்கார வெச்சாலும் அந்த அணிதாங்க ஜெயிக்குது” என்று ஒரு நடுவர் சலித்துக்கொண்டார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். இன்றும் எனக்கு அது பாராட்டுதான்.

அந்தப் பேச்சுத் திறனால்தான் துறைத் தலைவரிடம் ஒரு புதிய பாடத்துக்கு இசைவு பெற்றேன். மண்ணிடமிருந்து எடுப்பதைவிட மண்ணுக்கு அதிகமாகத் திருப்பித் தரும் குடியிருப்புகளையும் பொது இடங்களையும் வடிவமைக்க மாணவர்களைப் பழக்குவது அந்தப் பாடத்தின் நோக்கம். குளித்த நீர் சாக்கடைக்குப் போகாமல் கல்வாழைப் பாத்தி வழியே வாழைக்குப் போகும். மழை தெருவைக் கடந்து ஓடிவிடாமல் ஒரு சதுக்கத்தில் தங்கி மணலுக்குள் இறங்கும். கோடையில் அதே சதுக்கம் பிள்ளைகளுக்கு விளையாட்டிடம், பெரியவர்களுக்கு மாலை நேரத்து நிழல். தலைவர் ஓராண்டுக்கு மட்டும் ஒப்புக்கொண்டார். ஆண்டு முடிவில் சென்னையிலிருந்து வெளித்தேர்வாளர் வருவார், அவர் சரி என்றால் பாடம் நிலைக்கும், இல்லையென்றால் நீங்கும் என்றார்.

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைப் பக்கம், தென்னந்தோப்பை அழித்து மனைகளாகப் பிரித்திருந்த நிலம் ஒன்றைத் தேர்ந்தோம். வெள்ளம் வந்துபோன ஆண்டுக்குப் பிறகு தாழ்வான மனை என்றாலே ஊர் அஞ்சியது. அந்த அச்சமே எங்கள் பாடத்துக்கு வலுவான வாதம் என்று கருதினேன். நிலமட்டம் பார்க்கும் கருவி சிவில் துறையிடம் இருந்தது. அவர்கள் தரவில்லை. எனவே கொத்தனார்கள் செய்வதுபோல, நீர் நிரப்பிய கண்ணாடி நிறப் பிளாஸ்டிக் டியூபின் இரு முனைகளையும் இருவர் பிடித்துக்கொள்ள, மாணவர்கள் நிலம் முழுவதையும் அளந்தார்கள். அளவுகளின்படி மிகத் தாழ்ந்த இடத்தில் சதுக்கமும், மேட்டில் வீடுகளும் வந்தன. வரைபடம் அழகாக இருந்தது.

தேர்வு நாள் காலையில், நிலத்தை அளந்து வரைந்த குழுவுக்காகப் பேசவிருந்த மாணவி என் அறை வாசலில் வந்து நின்றாள். பாலக்கரைப் பெண். தேவாலயத்துக்குப் பின்புறத் தெருவில் வீடு. பாவாடை விளிம்பெல்லாம் சேறு.

“சார், விடியக்காலைல மழை விட்டதும் ஒண்ணாம் நம்பர் பஸ் பிடிச்சு சைட்டுக்குப் போனேன். சதுக்கத்துல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல சார். வீடு வரைஞ்சிருக்கோமே, அங்கதான் நிக்குது. கணுக்காலுக்கு மேல.”

டியூபுக்குள் எங்கோ ஒரு காற்றுக் குமிழி தங்கியிருந்திருக்கிறது. நீர்மட்டம் பொய் சொன்னது. மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தாளில் ஏறிவிட்டன.

“கேட்டா மட்டும் சொல்லும்மா” என்றேன். எதிரணி எழுப்பாத குற்றத்தை நாமே எழுப்புவது மேடை மரபன்று.

“நானே சொல்லிடறேன் சார். இல்லாட்டி பேச வராது எனக்கு.”

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. மாணவர் தம் வரைபடங்களைச் சுவரில் குத்தி, முன்னால் நின்று தாமே வாதாட வேண்டும். கற்பித்தவர் கடைசி வரிசையில் வாய் திறவாமல் இருக்க வேண்டும். நான் அப்படியே இருந்தேன். அவள் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டாள்.

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். “ஏம்மா, அப்ப இது என்ன? தண்ணி வராத குளமா?”

“ஆமாங்க சார்.”

“ஒரு குமிழி ஊரையே தலைகீழாப் போட்டுடுச்சுங்கற.”

கூடம் சிரித்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த பொன்மலை ரயில்வே ஊழியரின் மகன், அவள் குழுவைச் சேர்ந்தவன், “போச்சு, அரியர்தான்” என்று முணுமுணுத்தான்.

“சரி, இப்ப என்ன பண்ணுவ?”

“திருப்பி அளப்போம் சார். சதுக்கத்தை அந்த மூலைக்குக் கொண்டுபோவோம். வீடுங்க இங்க வரும்.”

“செமஸ்டர் முடிஞ்சு போச்சேம்மா.” பிறகு அவர் கடைசி வரிசையைப் பார்த்தார். “சார், நீங்க பேசலாம். இந்தப் பாடம் எதுக்கு வேணும்?”

எழுந்தேன். மழையை விருந்தாளியாக அழைக்காத நகரம் அதை எதிரியாகச் சந்திக்கும் என்று தொடங்கினேன். பிழையைக் கண்டுபிடித்ததே இந்தப் பாடம்தான், வேறெந்த வகுப்பு மாணவர் மழையில் நனைந்து தம் வரைபடத்தைச் சரிபார்க்கப் போயிருப்பார் என்று கேட்டேன். ஏற்றமும் இறக்கமும் உரிய இடங்களில் விழுந்தன. பேசிக்கொண்டே மின்விசிறியைக் கவனித்தேன். அதன் ஓர் இறக்கை சற்று வளைந்திருந்தது. நான் முடித்ததும் மாணவர்கள் கை தட்டினார்கள். தேர்வாளரும் தட்டினார்.

“பிரமாதம். மைக்கே வேண்டாம் உங்களுக்கு.”

பிற்பகலில் துறைத் தலைவர் அழைத்தார்.

“அந்தப் பொண்ணுக்கு நல்ல மார்க் போட்டிருக்கார். உள்ளதைச் சொன்னதுக்காம். பாடம் மட்டும் தனியா வேண்டாம்ங்கறார். வடிகால் பேப்பர்ல ரெண்டு வகுப்பு சேர்த்துக்கலாமாம்.”

“சரிங்க சார்.”

“என்னங்க, சரிங்கறீங்க? ஏதாவது பேசுங்க. நீங்க பேசாம இருந்தா எனக்குப் பயமா இருக்கு.”

“பேசியாச்சுங்க சார்.”

அவர் வரும் ஆண்டு மாடிப்படி அமைப்புகளை எடுக்கச் சொன்னார். நன்றி கூறினேன். வருத்தம் வரும் என்று தாழ்வாரத்தில் நின்றேன். வரவில்லை. காலணி இறுக்குவது மட்டும் தெரிந்தது.

கூடத்தில் அவர்கள் தாள்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

“சார், திருப்பி அளக்க எப்பப் போறோம்?” என்றாள் அவள்.

“மார்க் போட்டாச்சும்மா. பாடமும் முடிஞ்சுது. இனி அளக்க வேண்டாம்.”

“மார்க்குக்காகக் கேக்கல சார். தண்ணி அங்கதானே நிக்குது. மனை வாங்கினவங்க அதுலதானே வீடு கட்டுவாங்க?”

“கட்டுவாங்க.”

அவள் நான் இன்னும் ஏதோ சொல்வேன் என்று காத்திருந்தாள். பிறகு குண்டூசிகளை டப்பாவில் போட்டு மூடினாள்.

“ஞாயித்துக்கிழமை நாங்க போறோம் சார். சரியா அளந்து, படத்தை அங்க இருக்கறவங்ககிட்ட குடுத்துட்டு வர்றோம். நீங்க வரணும்னு இல்ல.”

“போயிட்டு வாங்க” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருந்தேன். மாடிப்படிப் பாடத்துக்கான குறிப்புகளை எழுதினேன்: படியின் உயரம், அகலம், கைப்பிடி. கையெழுத்து தெளிவாகவே வந்தது. அன்று மழை பெய்ததா என்று நினைவில்லை.