ஜப்பான் காருக்கு நான் ஊற்றிய டீசல்

மூன்று வருடங்களுக்கு முன், பள்ளிக்கூடங்கள் திறந்த ஜூன் மாதத்தில், ஒரு திங்கட்கிழமை காலையில் நடந்தது இது. இடம், தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகிற நான்கு வழிச் சாலை. அந்த வழியில் உள்ள புதுக்கோட்டை என்ற சின்ன ஊருக்கு இன்னும் ஒன்றரை கிலோமீட்டர் இருந்தது.

நான் இருபத்திரண்டு வருடம் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டியவன். கன்டெய்னர், நிலக்கரி, மரத்தடி எல்லாம் இழுத்திருக்கிறேன். இடுப்பு வலி வந்து, இனி பெரிய வண்டி வேண்டாம் என்று டாக்டர் சொன்ன பிறகு ஒரு வீட்டில் கார் ஓட்டும் வேலைக்குச் சேர்ந்தேன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. தமிழ் நன்றாக வாசிப்பேன். இங்கிலீஷில் எழுத்துக் கூட்டி ஊர்ப் பெயர் படிப்பேன். அதற்கு மேல் தெரியாது. தெரியாது என்று வாய்விட்டுச் சொல்லவும் வராது. அவ்வளவு கூச்சம். புது ஆள் யார் என்ன கேட்டாலும் என் வாயிலிருந்து வருவது ஒரே பதில்தான்: "தெரியும் சார்."

அந்த வீட்டு சார் ஜப்பானில் கப்பல் கட்டும் இடத்தில் பல வருடம் இன்ஜினியராக இருந்தவர். அங்கே ஒரு பனிக்காலத்தில் அவர் மனைவி மாடிப்படியில் வழுக்கி விழுந்து முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாமல் போய்விட்டது. அதன் பிறகுதான் இரண்டு பேரும் சொந்த ஊருக்கே திரும்பினார்கள். வரும்போது அவர்கள் அங்கே ஓட்டிய காரையும் கொண்டுவந்தார்கள். துறைமுகம் இருக்கிற ஊருக்கு அந்தக் கார் டிரெய்லரில் ரோடு வழியாக வந்ததைப் பார்த்து எல்லாருக்கும் சிரிப்பு. பழைய வெளிநாட்டுக் கார்களை மும்பையில்தான் இறக்க வேண்டுமாம்.

காரைப் பார்த்த பிறகு இன்னும் சிரித்தார்கள். வெள்ளை நிறம். தரையோடு ஒட்டின உயரம். பின்பக்கம் நீளமாகப் போய்க்கொண்டே இருக்கும். முன் மூடியின் மேல் காற்றுப் போவதற்குத் திறந்த வாய் மாதிரி ஒரு ஓட்டை. வேகத்தடை வந்தால் கோணலாகத் திருப்பித்தான் ஏற்றி இறக்க வேண்டும். டீக்கடையில் அதற்கு வைத்த பெயர் 'ஆம்புலன்ஸ்'. சாரின் தம்பி பலசரக்குக் கடை வைத்திருப்பவர். அவர் என் முன்னாலேயே கேட்டார்: "ஏன்ணே, நம்ம ஊரு ரோட்டுக்கு ஒசரமா ஒரு ஜீப்பு வாங்கிப் போட்டா என்ன? இத வச்சிக்கிட்டு தினமும் பள்ளம் மேடு பாத்துக்கிட்டா அலைவிய?"

தம்பி போன பிறகு சார் என்னிடம் சொன்னார். "ஒசரமான வண்டின்னா இவள யாராவது தூக்கி ஏத்தணும் அண்ணாச்சி. சின்னக் காருன்னா சக்கர நாற்காலி உள்ள போகாது. இதுல பின்னால அப்படியே போயிரும். சீட்டும் நாற்காலியும் ஒரே ஒசரம். அவளே மாறிக்கிடுவா. அதுபோக, இது அவ ஓட்டின வண்டி. பனியில மலைப்பாதையில என்னைய விட வேகமாப் போவா."

அது உண்மை. வழவழப்பான ஒரு சின்னப் பலகையை நாற்காலிக்கும் சீட்டுக்கும் நடுவில் வைத்து, கையை ஊன்றி, அந்த அம்மா ஒரு நொடியில் காருக்குள் போய்விடுவார். உதவிக்குப் போனால் முறைப்பார். நான் அருகே நின்று வேறு எங்கேயாவது பார்த்துக்கொண்டிருப்பேன். சாலை காலியாக இருந்தால், "கொஞ்சம் அமுக்குங்க அண்ணாச்சி" என்பார். அமுக்கினால் வண்டி குதிரை மாதிரி பாயும். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். அவர் கண்ணை மூடிக்கொள்வார். பயத்தினால் அல்ல.

வண்டியைப் பற்றி சார் ஒரு மணி நேரம் விளக்கினார். பொத்தான்கள் எல்லாவற்றிலும் ஜப்பான் எழுத்து. "டர்போ இன்ஜின், தெரியும்லா?" என்றார். தெரியும் சார். "இது ஏ.சி., இது பனி விளக்கு, ஞாபகம் இருக்கும்லா?" தெரியும் சார். சாவியைத் திருப்பினதும் உள்ளிருந்து ஒரு ஜப்பான்காரப் பெண் மரியாதையான குரலில் ஏதோ சொல்வாள். வணக்கம் சொல்கிறாள் என்று நினைத்து நானும் தினமும் லேசாகத் தலையை ஆட்டிக்கொள்வேன்.

அந்தத் திங்கட்கிழமை, புதுக்கோட்டையில் உள்ள ஒரு பள்ளியில் அந்த அம்மா டீச்சராக வேலையில் சேருகிற நாள். விழுந்த பிறகு அவருக்குக் கிடைத்த முதல் வேலை. மாம்பழ நிறத்தில் புதுச் சேலை. பிந்திவிடக் கூடாது என்று முக்கால் மணி நேரம் முன்னதாகவே கிளம்பினோம். எரிபொருள் காட்டும் முள் கீழே இறங்கியிருந்ததால் வழியில் பெட்ரோல் பங்கில் நிறுத்தினேன். நான் வேலைக்குச் சேர்ந்த பத்து நாளில் எரிபொருள் போட்டதெல்லாம் சார்தான். நான் போடுவது அன்றுதான் முதல் தடவை.

மூடியைத் திறந்தேன். உள்பக்கம் சிவப்பில் நான்கு ஜப்பான் எழுத்து. "என்ன ஊத்த அண்ணாச்சி?" என்றார் பங்க்காரர். பின்னால் ஒரு மினி லாரி ஹாரன் அடித்தது.

எனக்குத் தெரிந்த டர்போ எல்லாம் டீசல்தான். லாரி, டிரெய்லர், ஜீப், எல்லாமே. இவ்வளவு நீளமான வண்டி, இந்த இழுப்பு இழுக்கிறது. சத்தம்தான் டீசல் மாதிரி இல்லை. ஜப்பான்காரன் சத்தமில்லாமல் செய்திருப்பான் என்று நினைத்தேன். கண்ணாடிக்கு உள்ளே, நான்கு அடி தூரத்தில், அந்த அம்மா முதல் வகுப்புக்கான குறிப்பைப் படித்துக்கொண்டிருந்தார். தட்டிக் கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். தெரியும் தெரியும் என்று பத்து நாள் சொன்னவன் எப்படிக் கேட்பது?

"டீசல்" என்றேன்.

டீசல் குழாயின் முனை பெரிது, பெட்ரோல் வண்டியின் வாய்க்குள் சரியாக இறங்கவில்லை. அவர் சாய்த்துப் பிடித்து ஊற்றினார். அதைப் பார்த்துமா எனக்கு உறைக்கவில்லை என்று இன்றைக்கும் கேட்டுக்கொள்கிறேன்.

மூன்று நான்கு கிலோமீட்டர் போயிருப்போம். வண்டி திணற ஆரம்பித்தது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வெள்ளைப் புகை. அந்த வாடை என் மூக்குக்கு வந்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. ஓரம் கட்டுவதற்குள் இன்ஜின் அணைந்தது. புரிந்த பிறகும் புத்தி இல்லாமல் மூன்று தடவை சாவியைத் திருப்பினேன். மூன்று தடவையும் அந்த ஜப்பான்காரி மட்டும் தவறாமல் பேசினாள்.

"என்ன ஆச்சு அண்ணாச்சி?"

"ஏதோ அடைப்புன்னு நினைக்கேம்மா. வெளிநாட்டு வண்டில்லா. நம்ம ஊருக்கு ஒத்துக்கிடல போல."

அந்தப் பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்பதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

அந்த நேரம் பார்த்து என்னோடு துறைமுகத்தில் ஓட்டின பழைய கூட்டாளி டிரெய்லரில் வந்தான். வேகத்தைக் குறைத்துத் தலையை வெளியே நீட்டினான். "ஏலே, ஆம்புலன்ஸே படுத்துட்டா? இதுக்கு யாருலே ஆம்புலன்ஸ் கூப்பிட?" உள்ளே அந்த அம்மா இருப்பதைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு இறங்கி வந்தான். "அம்மாவ நான் வேணா கொண்டு விடட்டுமா?" என்றான். டிரெய்லர் கேபின் ஆள் உயரத்தில் இருந்தது. அவனே அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஒரு ஆட்டோவையாவது பிடிச்சு அனுப்புதேன்" என்றான்.

"ஆட்டோவுல ஏத்தணும்னா தூக்கணும்லா. வேண்டாம்ணே" என்றார் அந்த அம்மா. "மொத நாளு. பிள்ளைங்க முன்னால யாரும் என்னத் தூக்கி எறக்க வேண்டாம்."

பிறகு சாருக்குப் போன் செய்தார். சார் பேசியது வெளியே நின்ற எனக்கும் கேட்டது. "எல்லாரும் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க, நான்தான் கேக்கல. உன்னைய நடுரோட்டுல நிறுத்திட்டு. போதும். வித்துருவோம். ஒரு ஜீப்பு பாப்போம். ஏத்தி எறக்க ஆள் வச்சிக்கிடலாம்."

அந்த அம்மா போனை மடியில் வைத்துவிட்டு, முன்னால் இருந்த ஸ்டீயரிங்கைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நாற்காலிய எடுங்க அண்ணாச்சி. சர்வீஸ் ரோடு இருக்குல்லா, தள்ளிக்கிட்டே போயிரலாம்" என்றார். கூட்டாளியைக் காருக்குக் காவல் வைத்துவிட்டு, நாங்கள் கிளம்பினோம்.

வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. மேற்கிலிருந்து காற்று மண்ணை வாரி அடித்தது. சேலை முந்தானையை அவர் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டார். நான் பின்னால் தள்ளிக்கொண்டே நடந்தேன். போய்ச் சேரும்வரை இருவரும் பேசாமலே போயிருக்கலாம். ஆனால் 'வித்துருவோம்' என்ற அந்தச் சொல் காதிலிருந்து போகவில்லை. தப்பு என்னுடையது. தண்டனை வண்டிக்கு. வண்டிக்கு என்றால், அவருக்கு. நாளைக்கு ஒரு ஜீப் வரும். அதில் இவரைத் தூக்கி ஏற்றப்போவதும் நானாகத்தான் இருக்கும்.

எனக்குத் தெரிந்தது அவருடைய பின்னந்தலை மட்டும்தான். என் முகத்தை அவர் பார்க்க முடியாது. அதனால்தான் வாய் திறந்தது என்று நினைக்கிறேன்.

"அம்மா, வண்டி மேல ஒரு குத்தமும் இல்ல. நான் டீசல் ஊத்திட்டேன்."

அவர் திரும்பவில்லை. சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்கியது.

"மூடியில எழுதியிருந்துச்சு. வாசிக்கத் தெரியல. உங்ககிட்ட கேக்கவும் வெக்கமா இருந்துச்சு. வண்டிய விக்க வேண்டாம்னு சார்ட்ட சொல்லுங்கம்மா. என்னைய வேணா நிறுத்திருங்க."

அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். ஆனால் அது சிரிப்பு.

"அண்ணாச்சி, நான் எம்.எஸ்ஸி. படிச்சவ. ஜப்பான் போன மொத மாசம் இவரோட ஆபீஸ்காரங்கள சாப்பிடக் கூப்பிட்டுட்டாரு. வடை சுடலாம்னு கடையில எண்ணெய் வாங்கினேன். பாட்டில்ல நல்ல தங்கக் கலர். ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. கடைக்காரிகிட்ட கேக்க வெக்கம். சட்டியில ஊத்தி மாவைப் போட்டா, வடை கரையுது. அது அவங்க கொழம்புல ஊத்துத இனிப்புத் தண்ணியாம். உளுந்த வடை பாயசமாப் போச்சு."

எனக்குச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

"கேளுங்க, இன்னும் இருக்கு. இவரு வந்து கேட்டப்ப நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஜப்பான்காரன் எண்ணெயே சரியில்லைன்னு சொன்னேன். உண்மையச் சொல்ல எனக்கு ஆறு மாசம் ஆச்சு. நீங்க ஒரு கிலோமீட்டர்ல சொல்லிட்டீங்க."

அங்கேயே போனை எடுத்தார். "வண்டி மேல தப்பில்ல. டீசல் ஊத்தியாச்சு" என்றார். சார் கோபமாக ஏதோ கேட்டார். "யாரு ஊத்தினா என்ன? வாசிக்கத் தெரியாத ஊருல நாம எத்தன வருசம் இருந்தோம்? வண்டி விக்கலைன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். போனை வைத்ததும் என்னிடம், "கொஞ்சம் அமுக்குங்க அண்ணாச்சி, மணி ஆகுது" என்றார். இடுப்பு வலியை மறந்து ஓட்டமும் நடையுமாகத் தள்ளினேன்.

பள்ளி வாசலுக்குப் போனபோது காலை வணக்கக் கூட்டம் முடிந்து பிள்ளைகள் வரிசையாக வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என் கையை விலக்கிவிட்டு, சக்கரத்தைத் தன் கையாலேயே உருட்டிக்கொண்டு உள்ளே போனார். நான் கேட் அருகிலேயே நின்றேன்.

காரை மெக்கானிக் பட்டறைக்கு இழுத்துப் போய், டாங்கியைக் கழற்றி, குழாய் எல்லாம் கழுவி, பிளக் மாற்றி ஓட வைக்க ஐந்து நாள் ஆயிற்று. அந்த ஐந்து நாளும் சார் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அது நியாயம்தான். கார் திரும்பி வந்த அன்று அவரே வந்து, "இன்னைக்கு என்ன தெரியாதோ அத மட்டும் கேளுங்க" என்று சொல்லிவிட்டுக் காருக்குள் உட்கார்ந்தார். நான் முதலில் கேட்டது அந்த ஜப்பான்காரியைப் பற்றி. அங்கத்து டோல்கேட்டுக்கான கார்டைப் போடவில்லை என்று சொல்கிறாளாம். பத்து நாளும் என்னிடம் குறை சொல்லியிருக்கிறாள், நான் தலையாட்டியிருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா வெள்ளை டேப் வாங்கி வரச் சொன்னார். அவர் ஒவ்வொன்றாக அர்த்தம் சொல்ல, ஒவ்வொரு பொத்தானுக்கும் கீழே தமிழில் நான் எழுதி ஒட்டினேன். அவரே எழுதியிருந்தால் இன்னும் அழகாக இருந்திருக்கும். "ஓட்டுதவரு கையெழுத்துதான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டார். எரிபொருள் மூடியின் உள்பக்கம், அந்தச் சிவப்பு எழுத்துக்குக் கீழே, 'விலை கூடின பெட்ரோல் மட்டும்' என்று எழுதினேன்.

அந்த வண்டி இன்றைக்கும் தினமும் புதுக்கோட்டைக்குப் போய் வருகிறது. பங்கில் மூடியைத் திறந்தால் ஊழியர்கள் வாசித்துச் சிரிப்பார்கள். நான்தான் எழுதினேன் என்று இப்போது கூசாமல் சொல்கிறேன். 'தெரியாது' என்ற ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு ஐம்பது வயதும், ஒன்றரை கிலோமீட்டர் சாலையும், என் முகத்தைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டுக்கொண்ட ஒரு மனுஷியும் வேண்டியிருந்தது என்பதை, ஒவ்வொரு முறை அந்த மூடியைத் திறக்கும்போதும் நினைத்துக்கொள்கிறேன்.