செந்தமிழ்ச்செல்வி படிச்ச கிளிங்கான்

என் தங்கச்சி பேரு செந்தமிழ்ச்செல்வி. பேரைப் பாரு, அவ படிச்சதைப் பாரு! முப்பத்திரண்டு வயசுல கிளிங்கான் இலக்கணம் படிச்சா. சினிமாவுல வர்ற வேத்துக் கிரகத்து ஆளுங்களுக்காக ஒருத்தர் உக்காந்து உண்டாக்குன பாஷை அது. டீச்சர் நான்தான், கமலவேணி, தேங்காய்த்திட்டு துறைமுகத்துல மீன் ஏலம் விடுறவ.

அவ புருஷன் புருஷோத்தமன், தட்டாஞ்சாவடியில பிளாஸ்டிக் கம்பெனி சூப்பர்வைசர். அவ போன்ல பேசுறதெல்லாம் ரெக்கார்டு ஆகும். சாயங்காலம் வந்து ஒவ்வொண்ணாப் போட்டுக் கேப்பான். கேட்டு முடிச்சிட்டு பெல்ட்டைக் கழட்டுவான். அவ வீட்டை விட்டு வந்துடணும்னு முடிவு பண்ணோம். ஆனா எப்போ, எப்படின்னு எந்த பாஷையில பேசுறது? பிரெஞ்சுக்காரன் ஆண்ட இந்த ஊர்ல அதுதான் ரோதனை, ஆளாளுக்கு நாலு பாஷை தெரியும். பிரெஞ்சு அவன் அம்மாவுக்குத் தண்ணிபட்ட பாடு. மாஹேல மூணு வருஷம் வேலை பாத்தவன், மலையாளம் தெரியும். கம்பெனியில இந்தி. சின்ன வயசுல எழுத்துக்கு எழுத்து 'க' சேத்துப் பேசுன 'க' பாஷையை எடுத்துப் பாத்தோம். ஒரே நாள்ல கண்டுபுடிச்சிட்டான், கட்டையில போறவன்.

அப்புறம்தான் யூட்யூப்ல இந்த கிளிங்கான் கெடைச்சுது. ஞாயித்துக்கிழமை எங்கம்மா வீட்டுக்கு அவளைக் கூட்டிட்டு வருவான். அவன் கூடத்துல டிவி பாப்பான், நாங்க அடுப்படியில மீன் ஆஞ்சிக்கிட்டே படிப்போம். எல்லாமே தலைகீழ். எதைச் செஞ்சோமோ அது முன்னாடி, செஞ்ச ஆளு கடைசில. நேத்து, நாளைக்குன்னு வினைச்சொல் மாறாது, அதைத் தனியாச் சொல்லணும். எனக்கு மூணு வாரம் ஆச்சு, அவ ஒரு வாரத்துல புடிச்சிட்டா. 'நான் போறேன்'னு சொல்லக் கத்துக்கிட்ட அன்னிக்கு அழுதுட்டா.

போன்லயும் அதுலயே பேசுனோம். இது என்னன்னு அவன் கேட்டப்ப, அக்கா தங்கச்சி விளையாட்டுன்னு சொல்லியிருக்கா. சிரிச்சிட்டு, பேசு பேசுன்னானாம். அடிகூடக் கொறஞ்சுது. எனக்கு அப்பவே சந்தேகம் வந்துச்சு. அவ சந்தோஷத்தை நாம ஏன் கெடுக்கணும்னு வாயை மூடிக்கிட்டேன். என்னைச் செருப்பால அடிக்கணும்.

செவ்வாய்க்கிழமை அவன் வேலைக்குப் போனதும் பத்து மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடுன்னு போன்ல அதே பாஷையில சொன்னேன். வரேன்னா. ரெண்டு டிக்கெட்டோட நின்னேன். பத்தரை ஆச்சு. அவ நம்பர்லேருந்து போன் வந்துச்சு.

"செல்வி வரமாட்டா."

புருஷோத்தமன் குரல். கிளிங்கான்ல சொன்னான். திக்கல, திணறல, எங்களைவிட நல்லாவே பேசுனான்.

அவ எங்கடான்னு தமிழ்ல கத்துனேன். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பாத்துச்சு. அவன் நிதானமா அந்த பாஷையிலயே ஒரே வார்த்தையில பதில் சொல்லிட்டு போனை வெச்சான். அது நாங்க இன்னும் படிக்காத வார்த்தை.