களத்தில் ஏறிய சப்பாத்து

என்னோடு படம் பார்க்கப் போகக் கூடாது என்பது எங்கள் வாய்க்கால்கரையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருக்கமாட்டேன். திரையில் ஒருவன் நாள் முழுக்கச் சேற்றில் உழுதுவிட்டு வருவான். வேட்டி சலவைக்குப் போட்டு எடுத்தது மாதிரி இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "உவன் எந்த வயலிலை உழுதவனாம்?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பேன். கதாநாயகி பாட்டுப் பாடிக்கொண்டு வந்து பச்சைப் பயிரை அறுப்பாள். அரிவி வெட்டாம்! குடாநாட்டை விட்டு வந்து, கிளிநொச்சிக் குடியேற்றத்தில் கிடைத்த காணியில் காடு வெட்டி, வெயிலில் வெந்து நெல் விளைவிக்கிறவன் நான். என் கண்ணுக்கு முன்னாலேயே இப்படிப் பேய்க்காட்டினால் கோபம் வராதா?

மனைவி மட்டும்தான் என்னோடு துணிந்து வருவாள். நான் வாயைத் திறந்ததும் தொடையில் கிள்ளுவாள். "படம் பாக்க விடுங்கோ. பிழை பிடிக்கிறதை வீட்டை போய்ப் பிடியுங்கோ."

அந்த மாசி மாதம் அவள் நிறைமாதக் கர்ப்பிணி. அது எங்களுடைய இரண்டாவது பிள்ளை. முதற்பிள்ளையை வழக்கப்படி தாய்வீட்டுக்குப் போய்ப் பெற்றாள். ஆண் பிள்ளை. இரண்டு நாள் எங்களோடு இருந்தது. மூன்றாம் நாள் விடியும்போது இல்லை. அதனால் இந்த முறை தாய்வீட்டுப் பேச்சையே எடுக்க விடவில்லை. கிளிநொச்சி ஆசுபத்திரியில்தான் பெறுவேன் என்று ஒரே பிடிவாதமாக நின்றாள்.

பிள்ளை போன நாளிலிருந்து அவளுக்கு எல்லாமே சகுனம். பல்லி சொன்னால் எடுத்த காலை வைக்கமாட்டாள். வெளிக்கிடும்போது யாரும் ஒற்றைத் தும்மல் தும்மினால் திரும்பி வந்து, இருந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவாள். அடுப்பில் பால் எந்தப் பக்கம் பொங்கி வழிகிறது என்று பார்ப்பாள். நான் பகிடி பண்ணுவேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஒவ்வொரு நாளும் வயலால் வந்து படலையைத் திறக்கும்போது, வீட்டுக்குள் சத்தம் ஏதும் கேட்கிறதா என்று ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போவேன்.

அந்த நேரத்தில்தான் பட்டணத்துக்கு வெளியே தகரக் கொட்டகையில் ஒரு படம் வந்தது. கமக்காரக் குடும்பத்துக் கதை என்றார்கள். அவளுக்குப் பார்க்க ஆசை. மருத்துவிச்சி இன்னும் இரண்டு கிழமை கிடக்கு என்று சொல்லியிருந்தா. வெட்டிய நெற்கதிரைக் களத்தில் குவித்துச் சூடு வைத்தாகிவிட்டது. அடிக்க இன்னும் நாலு நாள் இருந்தது. வண்டிலில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் பாயை விரித்து, அவளை மெல்ல ஏற்றிக்கொண்டு பகல் காட்சிக்குப் போனேன். கொட்டகைக்கு வெளியே மரநிழலில் மாடுகளை அவிழ்த்துக் கட்டினேன். குடும்பமாக வருகிறவர்களுக்கு என்று பின்னால் கொஞ்சம் கதிரைகள் போட்டிருந்தார்கள். அதில் அவளை இருத்தினேன். உள்ளே சரியான வெக்கை. தகரத்தில் இருந்த ஆணி ஓட்டைகளால் வெயில் பொட்டுப் பொட்டாகத் திரையில் விழுந்துகொண்டிருந்தது.

கதை இதுதான்: ஒரு கமக்காரனின் மகன், கல்யாணம் முடித்தவன், பட்டணத்தில் வேலை செய்கிறான். மனைவி ஊரில் பிள்ளைத்தாச்சி. அவன் ஊருக்கு வருகிறான். களத்தில் சூடு அடித்து நெல் குவித்திருக்கிறது. களிசானும் சப்பாத்துமாக வந்தவன் அப்படியே களத்துக்குள் நடந்து, நெற்குவியலின்மேல் ஏறி நின்று பாடத் தொடங்கினான்.

கொட்டகை முழுதும் ஒரு மூச்சு இழுத்தது. முன்னால் மணலில் இருந்த ஒருவர் எழும்பியே விட்டார். "டேய்! சப்பாத்தைக் கழட்டடா!" என்று திரையைப் பார்த்துக் கத்தினார். பின்னே? எங்கள் பக்கத்தில் களம் என்றால் கோயில் மாதிரி. குளித்துவிட்டுத்தான் இறங்குவோம். செருப்பு வெளியே கிடக்கும். உரத்த பேச்சுக்கூட அங்கே கிடையாது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்றைக்குப் பிழை பிடிக்க ஒரு கொட்டகை ஆட்களும் என்னோடு சேர்ந்துவிட்டார்களே! சிரித்துக்கொண்டு மனைவியின் பக்கம் திரும்பினேன்.

அவள் சிரிக்கவில்லை. கையைத் தொட்டேன், சில்லென்று இருந்தது.

"பிள்ளைக்கு ஏதோ வரப்போகுது" என்றாள்.

"எந்தப் பிள்ளைக்கு?"

திரையைக் காட்டினாள். "அவளின்ரை வயித்திலை இருக்கிறதுக்கு. தேப்பன் சப்பாத்தோட களத்திலை ஏறிட்டான்."

"இஞ்சேரும், உது படம் எடுத்தவனுக்குக் களம் தெரியாததாலை வந்த பிழை. அந்த மனுசனிலை பிழையில்லை."

"ஆரின்ரை பிழையெண்டாலும் ஏறினது ஏறினதுதானே."

படத்துக்குள் இருக்கிறவன் செய்த குற்றம் வேறு, படத்தை எடுத்தவன் விட்ட பிழை வேறு என்று நான் குசுகுசுத்துக்கொண்டே இருந்தேன். அவள் காதில் அது ஏறவில்லை. பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "இந்தப் பிள்ளை தப்பினா எங்கடையும் தப்பும். நான் நேந்திட்டன்." வேறு ஒன்றும் கிடைக்கவில்லையா நேர்ந்துகொள்ள? யாரோ எங்கேயோ இருந்து எழுதிய கதையிலா என் பிள்ளையைக் கொண்டுபோய்க் கட்டுவது?

அவள் சொன்னது மாதிரியே படம் போனது. மழை, இடி. பிள்ளை பிறந்தது. தூக்கிக் காட்டினார்கள். நாலு மாதப் பிள்ளை, கையில் காப்பு வேறு! இந்தப் பயத்துக்குள்ளும் என் வாய் கிடக்கவில்லை. "உது இப்ப பிறந்ததோ? இன்னும் கொஞ்சத்திலை தவழப் போகுது!" என்று சொல்லிவிட்டேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. வைத்தியர் தலையை ஆட்டினார். தகப்பன் மழைக்குள் ஓடினான். அப்போது என் மணிக்கட்டை மனைவி இறுக்கிப் பிடித்தாள். வாயைப் பொத்தச் சொல்கிறாள் என்று நினைத்தேன். பிடி விடவில்லை. நகம் தோலுக்குள் இறங்கியது.

"என்ன?"

"குத்துது."

"எப்பவிலை இருந்து?"

"காலமையிலை இருந்து."

"உமக்கு விசரோ? ஏன் சொல்லேல்லை? எழும்பும், போவம்."

"கடைசியைப் பாத்திட்டுப் போவம். அந்தப் பிள்ளை தப்புதோ எண்டு தெரியவேணும். இடையிலை எழும்பினா நல்லதில்லை."

அந்த நேரம் பார்த்துப் படம் அறுந்தது. திரை வெள்ளையாகிவிட்டது. சனம் விசிலடித்தது. "அறுந்தது கூடாத சகுனம்" என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "ஒட்டட்டும். பொறுங்கோ." நானும் பொறுத்தேன்! அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைய வேண்டும்போல் இருக்கும். படங்களைக் கண்டபடி திட்டுகிற நான், படம் ஓட்டுகிற அறையின் பக்கம் திரும்பி, "கெதியா ஒட்டுங்கோ, கெதியா!" என்று கெஞ்சிக்கொண்டு நின்றேன். அந்தப் பிள்ளை தப்ப வேண்டும், காப்புப் போட்டிருந்தாலும் சரி, பல்லு முளைத்திருந்தாலும் சரி, எப்படியாவது தப்ப வேண்டும் என்று எனக்குள் ஒரே தவிப்பு.

பின்கதிரையில் இருந்த நடுத்தர வயதுப் பெண் ஒருத்திதான் எழும்பி வந்து பார்த்தா. "பன்னீர்க்குடம் உடைஞ்சிட்டுது. நீர் என்ன படத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறீர்? வண்டிலைக் கட்டும்!" என்று என்னை அதட்டினா. முன்பின் தெரியாத மனுசி, தானும் வண்டிலில் ஏறி என் மனைவியின் தலையை மடியில் வைத்துக்கொண்டா.

ஆசுபத்திரிக்கு இரண்டு மைல். கிரவல் ரோட்டு, குண்டும் குழியும். மாட்டை விரட்டவும் பயம், மெல்லப் போகவும் பயம். முதுகுப் பக்கம் மனைவி முனகுவது கேட்டது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லை.

"அந்தப் பிள்ளை செத்துப்போச்சுது" என்றாள். "அதுதான் அறுந்தது."

"இல்லையப்பா! தப்பிட்டுது" என்றேன்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"பக்கத்துக் காணிக்காரர் போன கிழமை பாத்தவர். கதை முழுக்க எனக்குச் சொன்னவர்."

"எப்பிடித் தப்பினது?"

மாட்டுக் கயிற்றைப் பிடித்தபடி நான் யோசித்தேன். அவளுடைய பயம் எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியும்தானே. "தேப்பன் மழைக்குள்ளாலை ஓடினவனெல்லே, களத்துக்குத்தான் போனவன். சப்பாத்து ரெண்டையும் கழட்டி எறிஞ்சிட்டு, களத்திலை விழுந்து, மண்ணைத் தொட்டுக் கண்ணிலை ஒற்றினான். அறியாமல் செய்திட்டன், பொறுத்துக்கொள்ளு தாயே எண்டு குழறினான். மழை விட்டிட்டுது. வீட்டை பிள்ளை கண் முழிச்சுச் சிரிச்சது." வாய்க்கு வந்ததை எல்லாம் சொன்னேன். கோயில் மணி தானாக அடித்தது என்றேன். உழவு மாடு அழுதது என்றேன். வேறு யாரும் இப்படி ஒரு படம் எடுத்திருந்தால் நானே எழும்பிக் கத்தியிருப்பேன்.

"ஓமோ?" என்று மனைவி யாரையோ கேட்டாள்.

"ஓம் பிள்ளை" என்றா அந்தப் பெண். "நானும் ஏற்கெனவே பாத்தனான். அவர் சொல்லுறது சரி. வடிவான இடம் அது." நான் அந்த நிமிஷம் கட்டிய காட்சியை இந்த மனுசி எந்தக் கொட்டகையில் பார்த்திருப்பா?

ஆசுபத்திரி வாசலில் அவளை உள்ளே கொண்டுபோனார்கள். நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சுடுமணலில் நின்றேன். யாரும் கழற்றச் சொல்லவில்லை. ஏன் கழற்றினேன் என்று கேட்டால் சொல்லமாட்டேன். வெயில் சாயும் நேரம் தாதி வந்து பெட்டைப் பிள்ளை என்றா. மூன்றாம் நாள் போய் நாலாம் நாள் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள்தான் பிள்ளையின் முகத்தை ஆறுதலாகப் பார்த்தேன்.

மகளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது அதே படம் திரும்ப வந்தது. ஒலிபெருக்கி கட்டிய கார் வாய்க்கால் ரோட்டால் நோட்டீஸ் எறிந்துகொண்டு போனது. மகள் ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "அப்பா, போவமோ?"

"உது உதவாத படம்" என்றேன். "எல்லாம் பிழை."

மனைவி குசினி வாசலில் நின்றாள். "ஏன் உதவாத படம்? தேப்பன் சப்பாத்தைக் கழட்டிப்போட்டுக் களத்தைத் தொட்டுக் கும்பிடுற இடம் வருமே. மாடும் அழுமாம். போய்ப் பாப்பம்" என்றாள். வாயோரம் ஒரு சிரிப்பு.

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "உமக்குத் தெரியுமோ?"

"அண்டைக்கு வண்டிலிலையே தெரியும்."

"எப்பிடி?"

"படம் எடுத்தவனுக்குக் களம் தெரியாதெண்டு நீங்கள்தானே சொன்னியள். சப்பாத்தோட ஏறக் கூடாதெண்டு தெரியாதவன், அதைக் கழட்டி மன்னிப்புக் கேக்கிறதை எப்பிடி எடுப்பான்?"

இத்தனை வருடம் ஊரில் ஒரு படத்தையும் விட்டுவைக்காத நான், என் கதையில் இருந்த பிழையைக் கவனிக்கவில்லை. பிறகு ஒருமாதிரிக் கேட்டேன்: "பின்னை ஏன் அப்ப ஒண்டும் சொல்லேல்லை?"

"நீங்கள் பயத்திலை நடுங்கி நடுங்கிச் சொன்னியள். முதுகு ஆடினது எனக்குத் தெரிஞ்சது. அந்தப் பிள்ளை உங்கடை கதையிலையாவது தப்பட்டும் எண்டு கேட்டுக்கொண்டு கிடந்தனான். அதையும் பிழையெண்டு விட்டிட்டா, அந்த நேரம் நான் வேறை எதைப் பிடிச்சுக்கொண்டு கிடக்கிறது?"

மகளின் கையிலிருந்த நோட்டீசை வாங்கி நாலாக மடித்து அடுப்புக்குள் வைத்தாள். "கடைசி என்னெண்டு ஒருத்தரையும் கேட்டிடாதேங்கோ" என்றாள்.

நான் இன்றுவரை கேட்கவில்லை.