அக்காவின் காதுக்கு ஒரு கார்ட்ரிட்ஜ்

என் அக்காவின் கணவருக்குப் பல் செட் செய்வது தொழில். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் பட்டறையில் உட்கார்ந்து மெழுகில் ஈறு பிடித்து, பல் வரிசை வைத்து, கடித்தால் வலிக்காத அளவுக்குத் தேய்த்துக் கொடுப்பார். ஊரில் பாதிப் பேர் அத்தானின் பல்லால்தான் சாப்பிடுகிறார்கள் என்று நான் கேலி செய்வேன். அவரோ தன் பல் தெரியச் சிரிக்க மாட்டார். அவரைச் சிரிக்க வைப்பதற்குள் நமக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

அவருக்கு இருக்கிற ஒரே பைத்தியம் பாட்டு ரெக்கார்டு. ஞாயிறு மாலை நாலு மணிக்கு அவரும் அக்காவும் முன்னறையில் உட்கார்ந்து ஒரு ரெக்கார்டு கேட்பார்கள். கல்யாணமான புதிதில் தொடங்கியது, ஒரு வாரமும் தவறியதில்லை. அந்த நேரத்தில் யார் வந்தாலும் வாசலில் நிற்க வேண்டியதுதான். அடுத்த தெருவில் இருக்கிற எனக்கு மட்டும் ஒரு மூலையில் வாயை மூடிக்கொண்டு உட்கார அனுமதி உண்டு. ரெக்கார்டை நான் தொடக் கூடாது. என் விரலில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்குமாம். அவர் மட்டும் நாள் முழுக்க ஊரார் பல்லைத் தொடலாம்.

அக்கா இருபத்தெட்டு வருஷம் மில்லில் தறி ஓட்டியவள். அந்தத் தறிக்கூடத்தில் நான் ஒரு தரம் போய் நின்றிருக்கிறேன், இரண்டே நிமிஷத்தில் மண்டைக்குள் இடி இடித்தது. அங்கே கத்தினாலும் கேட்காது. அதனால் யாரும் கத்துவதில்லை. உதட்டைப் பெரிதாக அசைப்பார்கள், எதிரில் இருப்பவள் அதைப் பார்த்தே பிடித்துக்கொள்வாள். மூன்று தறி தள்ளி நிற்பவளோடு குடும்பக் கதை முழுவதையும் இப்படியே பேசித் தீர்ப்பார்கள். வேலையை விட்டு வந்த பிறகும் அக்கா நம் வாயைப் பார்த்துத்தான் பதில் சொல்வாள். அதனாலேயே அவள் காது போய்க்கொண்டிருந்தது எங்கள் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனால் ரெக்கார்டுக்கு உதடு கிடையாதே.

போன வருஷம் பழைய கார்ட்ரிட்ஜ் உயிரை விட்டது. ரெக்கார்டின் மேல் ஓடுகிற பிளேயர் கையின் நுனியில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும், ஊசி அதில்தான் இருக்கிறது. அதுதான் கார்ட்ரிட்ஜ். புதியது வாங்க அத்தான் மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டார். காந்தம் ஆடுகிற வகை, கம்பிச்சுருள் ஆடுகிற வகை, உருண்டை முனை, நீள்வட்ட முனை என்று சாப்பிடும்போதுகூட அதே பேச்சு. வீடு பார்த்தபோதுகூட அவர் இவ்வளவு விசாரிக்கவில்லை. கடைசியில் கம்பிச்சுருள் வகையில் ஒன்றோடு வந்தார். பாடகர் மூச்சு விடுவதுகூட அதில் கேட்கும் என்று கடைக்காரர் சொன்னாராம். ஆனால் அந்த வகையில் சத்தம் ரொம்ப மெலிசாக வரும், அதைத் தூக்கிக் கொடுக்க ஆம்ப்ளிபையரில் தனி வசதி வேண்டும். அத்தானுடைய பழைய ஆம்ப்ளிபையரில் அது இல்லை. சத்தம் கூட்டுகிற குமிழைக் கடைசிவரை திருகியும், யாரோ பக்கத்து அறையில் பாடுவதுபோலத்தான் கேட்டது. நுணுக்கம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்கா வழக்கம்போலக் கண்ணை முக்கால்வாசி மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். பக்கம் முடிந்தது. அத்தான் எழுந்து போய் ஊசியைத் தூக்கிவைத்தார். அதற்குள் அக்காவின் கண் முழுசாக மூடியிருந்தது, தலை மட்டும் நிற்கவில்லை. பாட்டே இல்லாத அறையில் தாளம் தப்பாமல் ஆடிக்கொண்டிருந்தது.

நான் சிரித்துவிட்டேன். அத்தானின் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சிரிப்புக்காக இன்றுவரை என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

அத்தான் வந்து தோளைத் தொட்டதும் கண் திறந்த அக்கா, நின்றுபோயிருந்த ரெக்கார்டைப் பார்த்தாள். இனி மறைக்க முடியாது என்று தெரிந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நாலு வருஷமாகவே பாட்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவந்ததாம். இந்தப் புது ஊசி வந்த பிறகு சுத்தமாக ஒன்றும் இல்லையாம்.

"அப்புறம் எதுக்குத் தலையாட்டினே?"

"நீங்க ஆட்டினீங்க. உங்களப் பாத்து நானும் ஆட்டினேன்."

அத்தான் ரெக்கார்டை உறையில் போட்டு அலமாரியை மூடினார். அடுத்த ஞாயிறு பாட்டு இல்லை, அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. நீங்களாவது கேளுங்கள் என்று அக்கா கெஞ்சிப் பார்த்தாள். தனியாகக் கேட்பதற்கு அது என்ன செய்தியா என்று கேட்டுவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டார். நாலு மணியானால் இருவரும் ஆளுக்கொரு அறையில் இருந்தார்கள். என் வீடு இடிந்துவிட்ட மாதிரி எனக்கு அழுகை வந்தது.

காது டாக்டர் மாட்டிக்கொள்ள ஒரு கருவி கொடுத்தார். பேச்சுக்கு அது உதவியது. பாட்டுக்கு உதவவில்லை, தகர டப்பாவுக்குள் பாடுகிறார்கள் என்று அக்கா கழற்றி வைத்துவிட்டாள். ஆனால் டாக்டர் கொடுத்த சீட்டில், அவள் காதுக்கு எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று ஒரு கோடு இருந்தது. அத்தான் அதைப் பட்டறை லென்ஸில் வைத்து மூன்று நாள் பார்த்தார். அடிக்குரலும் நடுக்குரலும் ஓரளவு மிச்சமிருந்தன, மேலே போகப் போகத்தான் கோடு சரிந்திருந்தது. அந்த மிச்சத்துக்கு ஏற்ற கார்ட்ரிட்ஜ் ஒன்று எங்காவது இருக்கும் என்று கிளம்பிவிட்டார்.

கிளம்பிய விதம்தான் வேடிக்கை. ஈறு பிடிக்கிற மெழுகை உருட்டிப் பஞ்சு சுற்றி இரண்டு காதையும் அடைத்துக்கொண்டார். அக்காவுக்குக் கேட்கிற மாதிரி தனக்கும் கேட்க வேண்டுமாம். துணைக்கு நான். கடைக்காரர் வாய் ஓயாமல் விளக்கினார், ஒரு வார்த்தையும் காதில் விழாத அத்தான் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நாலு கார்ட்ரிட்ஜ் மாட்டிப் பார்த்தாயிற்று. உதட்டைப் பிதுக்கினார். ஐந்தாவதைக் கடைக்காரர் வேண்டாவெறுப்பாக எடுத்தார். நடனக் கூடங்களில் போடுகிற வகை, காந்தம் ஆடுவது, உருண்டை முனை, சத்தம் தடித்து வரும். பாட்டு தொடங்கியதும் அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். காது அடைத்திருந்ததால் "இதுதான்" என்று அவர் சொன்னது தெருவுக்கே கேட்டது.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் அத்தானின் ஒரு காதிலிருந்து மெழுகைப் பிடுங்கினேன்.

"சார், இது அழுத்தி ஓடுற ஊசி. உங்க ரெக்கார்டெல்லாம் சீக்கிரம் தேஞ்சிடும்."

என் விரலுக்கே பயந்தவராயிற்றே, இதோடு எழுந்துவிடுவார் என்று நினைத்தேன்.

"தேயட்டும்ங்க," என்றார். "அவ கேட்டுத் தேயட்டும்."

இன்னொரு காதில் மெழுகு ஒட்டிக்கொண்டு, மறுநாள் அதே டாக்டரிடம் போய் எடுக்க வேண்டியதாயிற்று. குடும்பத்தோடு வருகிறீர்களே என்று டாக்டர் கேட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நானும் போனேன். பல்லுக்குப் பொடி நிறுக்கிற தராசில் ஊசியின் கனத்தைச் சரிபார்த்து மாட்டியிருந்தார். அடித்தொண்டையில் பாடுகிற ஒருவரின் ரெக்கார்டை எடுத்து வைத்து, குமிழைப் பாதிக்கு மேல் திருகிவிட்டு வந்து உட்கார்ந்தார். பாட்டு தொடங்கியது. அக்கா தலையை ஆட்டவில்லை. கண்ணையும் மூடவில்லை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அத்தான் பாட்டை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா அவர் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, கொஞ்சம் கொறைங்க. ரொம்பச் சத்தமா இருக்கு."

அத்தான் எழுந்து போய்க் குமிழைக் குறைத்தார். அந்தப் பக்கம் முடிகிறவரை அவர் திரும்பவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றார்.