குமுதா மாட்டிக்கொடுத்த பேட்டரி

குமுதாவும் நானும் பதினோரு வருடம் ஒரே ஃபேக்டரி பஸ்ஸில் போய்வந்தவர்கள். வீடு இருக்கும் பண்டமாரானில் ஏறினால் ஃபேக்டரி இருக்கும் சுங்கை வேயில் இறங்க முக்கால் மணி நேரம் ஆகும். ஜாம் என்றால் இன்னும் அதிகம். அத்தனை வருடம் பக்கத்தில் உட்காருகிறவளிடம் மறைக்க ரொம்ப இருக்காது. இங்கே சொல்வதில் பாதி நானே பார்த்தது. மீதி அவள் பஸ்ஸில் சொன்னது.

அவள் புருஷன் நாகையா டிரெய்லர் லோரி ஓட்டினான். துறைமுகத்திலிருந்து கண்டெய்னரை ஏற்றிக்கொண்டு ஈப்போ, ஜொகூர் என்று போவான். பிள்ளைகள் இல்லை. லீவு நாளிலும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து லோரி ஓட்டும் கேம்தான் விளையாடுவான். அதற்கென்றே ஒரு ஸ்டியரிங் வாங்கி மேஜையில் முடுக்கி வைத்திருந்தான். "வேலையும் லோரி, வெளையாட்டும் லோரியாலா?" என்று கூட்டாளிகள் கேலி செய்வார்கள். "அந்த ரோட்டுல சூப்பர்வைசர் இல்லடா" என்பான்.

அவனுக்கு முப்பத்தாறு வயதானபோது அந்த விபத்து நடந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கண்டெய்னர் இறக்கும் கிடங்கில். கண்டெய்னரை டிரெய்லரோடு பிடித்து வைக்க நான்கு மூலையிலும் பூட்டு உண்டு. கிரேன் தூக்குமுன் நான்கையும் திறந்துவிட வேண்டும். அன்றைக்கு ஒன்று திறக்கவில்லை. அதை யார் பார்த்திருக்க வேண்டும் என்று பிறகு ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கிரேன் தூக்கியதும் கண்டெய்னரோடு லோரியும் மேலே போயிற்று. நாகையா உள்ளே இருந்தான். ஓர் ஆள் உயரம் போனதும் பூட்டு பிய்த்துக்கொண்டது. லோரி தரையில் விழுந்தது. முதுகெலும்பு முறிந்து, தொப்புளுக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் போய்விட்டது.

நாலு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தான். வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் டாக்டர் குமுதாவையும் பக்கத்தில் நிற்க வைத்துச் சொன்னார். "சக்கர நாற்காலியில உட்கார்ந்தா அரை மணிக்கு ஒரு தடவ ரெண்டு கையையும் ஊன்றி உடம்பத் தூக்கணும். ரெண்டு நிமிஷமாவது ரத்தம் ஓடணும், இல்லன்னா அந்த எடம் புண்ணாயிரும். உணர்ச்சி இல்லாத எடம் வலிக்குதுன்னு சொல்லாது. நீங்கதான் மணியப் பார்த்துத் தூக்கணும்." குமுதா தலையாட்டினாள். தினமும் குளிப்பாட்டும்போது பின்பக்கத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்கவும் ஒரு நர்ஸ் கற்றுக்கொடுத்தார். அவள் பார்த்தாள். ஒரு வருடத்துக்குமேல் ஒருநாள் தவறாமல் பார்த்தாள்.

அந்த ஒரு வருடம் அவளுக்கு எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும். ஃபேக்டரியில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இடைவேளையில் ஓடிப்போய் எடுப்பாள். பதினாலு மிஸ்ட் கால் இருக்கும். திரும்பக் கூப்பிட்டால், "ஃபேன் ரொம்ப வேகமா சுத்துது", "எத்தன மணிக்கு வருவ", "ஒண்ணுமில்ல, சும்மா கூப்ட்டேன்". மத்தியானம் பக்கத்து வீட்டு புஷ்பவல்லி ஆன்டி சோறு போட்டுக் கொடுப்பார். அந்தப் பத்து நிமிஷம் தவிர அவனுக்கு ஆள் முகம் இல்லை. பழைய கூட்டாளிகள் முதல் இரண்டு மாதம் வந்தார்கள்.

கேமையும் விட்டுவிட்டான். "ஸ்க்ரீன்ல ரோட்ட பார்த்தா ஜன்னல்ல பார்க்கற மாதிரி இருக்கு" என்றானாம்.

சிங்கப்பூரில் வேலை செய்யும் அவன் தங்கை மலர்தான் அந்த வி.ஆர். ஹெட்செட்டை அனுப்பினாள். கண்ணை முழுக்க மூடிக்கொண்டு தலையில் மாட்டிக்கொள்வது. போட்டுக்கொண்டால் வீடு மறைந்து கேமுக்கு உள்ளேயே உட்கார்ந்திருப்பது போலத் தெரியும். அதற்கென்று உள்ள சின்னச் சின்ன கேம்கள் அதிலேயே ஓடும். அவனுடைய லோரி கேம் பெரியது. கம்ப்யூட்டரோடு இணைத்தால்தான் வரும். வயர் போட்டு இணைத்தான். மூன்றாம் நாள் வயர் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு ஹெட்செட்டைத் தலையோடு இழுத்தது. மூக்குத் தோல் உரிந்துவிட்டது. குமுதா வேலை முடிந்து வந்தபோது ஹெட்செட் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

"இதுலயும் என்னக் கட்டிப்போட்டுட்டாங்க" என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் கொமுட்டர் ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸ் போனாள். அங்கே ஒரு கம்ப்யூட்டர் கடையில் திருமுருகன் என்ற பையன், தஞ்சாவூர்ப் பக்கம், பெர்மிட்டில் வந்து வேலை செய்கிறவன், அவள் சொன்னதை முழுதாகக் கேட்டான். வயர் இல்லாமலும் ஓட்டலாம் என்று சொன்னவன் அவன்தான். என்னென்ன வேண்டும் என்று ஒரு தாளில் தமிழில் எழுதிக்கொடுத்தான்.

குமுதா பள்ளிக்கூடத்தில் மூன்றாம் பாரத்தோடு, பதினைந்து வயதில், நின்றவள். ஆனால் ஃபேக்டரியில் சர்க்கிட் போர்டு சோதிக்கிற வேலை, கைக்குப் பொறுமை உண்டு. வீட்டு வைஃபை ரூட்டரை ஹாலில் வைத்தபடியே இணைத்துப் பார்த்தாள். கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம், ஹெட்செட்டில் அதன் ஜோடி, இரண்டிலும் ஒரே கணக்கு. படம் வந்தது, ஆனால் துண்டு துண்டாக. ரோடு நின்று நின்று குதித்தது. நாகையாவுக்குத் தலை சுற்றி வாந்தி வந்தது. அவள் திருமுருகனைப் போனில் பிடித்தாள்.

"கம்ப்யூட்டரும் வைஃபைலதான் இருக்காக்கா?"

"ஆமா தம்பி. வயரே வேணாம்னுதான செய்யறோம்."

"அங்கதான் தப்பு. கம்ப்யூட்டர்லேருந்து ரூட்டருக்கு வயர் போகணும். ரூட்டர்லேருந்து அண்ணன் தலைக்கு மட்டும்தான் காத்துல போகணும். ரெண்டு பக்கமும் காத்துன்னா தாங்காது. அப்பறம், உங்க வைஃபை ரெண்டு பேர்ல தெரியும். கடைசில அஞ்சுன்னு போட்டிருக்கும் பாருங்க, ஹெட்செட்ட அதுல மட்டும் சேருங்க. நடுவுல சுவர் இருக்கா?"

"இருக்கு."

"ரூட்டர ரூமுக்குள்ள கொண்டாந்துடுங்க."

ஹாலிலிருந்து அறைக்கு நீளமான வயர் இழுத்து, நாற்காலி சக்கரம் ஏறாதபடி கதவு நிலையைச் சுற்றி ஆணி அடித்தாள். ரூட்டர் அவன் தலைக்கு நேர் எதிரே, அலமாரி மேல் உட்கார்ந்தது, அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு இன்னொரு வயர். அப்படியும் கம்ப்யூட்டர் ஹெட்செட்டைக் கண்டுபிடிக்கவில்லை. மறு ஞாயிறு திருமுருகனே ரயிலில் வந்தான். கம்ப்யூட்டரின் பாதுகாப்பு வசதி அந்த புரோகிராமைத் தடுத்து வைத்திருந்தது, அதை அனுமதித்தான். படத்தின் தரத்தை ஒரு படி குறைத்தான். காலால் மிதிக்க வேண்டிய ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் ஸ்டியரிங்கின் பின்னால் விரலுக்கு எட்டும் இரண்டு விசைகளுக்கு மாற்றிக்கொடுத்தான்.

நாகையா மாட்டிக்கொண்டான். பிறகு கழுத்தை வலது பக்கம் திருப்பி, லேசாக முன்னால் சாய்ந்தான்.

"குமுதா, சைடு கண்ணாடில டிரெய்லரு தெரியுது. பின் டயரு வரைக்கும் தெரியுது."

விபத்துக்குப் பிறகு அந்தக் குரலை அவள் கேட்டதில்லை. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுததாகச் சொன்னாள். போகும்போது திருமுருகன் ஒன்று சொன்னான். "பேட்டரி ரெண்டு மணி நேரம்தான் தாங்கும்க்கா. அண்ணன் கோவப்படப் போறாரு. தலைக்குப் பின்னால மாட்டற தனி பேட்டரி இருக்கு, வேணும்னா சொல்லுங்க."

அந்தத் திங்கட்கிழமை இடைவேளையில் போனை எடுத்துப் பார்த்தாள். ஒரு கால்கூட இல்லை. பயந்துபோய் அவளே கூப்பிட்டாள். "ஓட்டிக்கிட்டிருக்கேன், அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டானாம். அன்று திரும்பி வரும்போது பஸ் கிளம்பியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வாய் திறந்திருந்தது. பண்டமாரான் வந்ததும் எழுப்ப எனக்கே மனசு வரவில்லை.

ஒரு மாதம் நன்றாகத்தான் போயிற்று. பேட்டரி தீர்ந்தால் ஹெட்செட் தானாக அணைந்துவிடும். அது சார்ஜ் ஏறும்வரை அவன் நாற்காலியிலிருந்து பலகை வைத்துக் கட்டிலுக்கு நகர்ந்து படுத்துக்கொள்வான். மத்தியானச் சோறு சாப்பிடுவான். பிறகு மறுபடியும் இரண்டு மணி நேரம். ஆனால் பாதி ரோட்டில் இருட்டாகிறது என்று தினமும் புகார். மறுபடியும் போன் கால்கள் ஆரம்பித்தன. சார்ஜ் ஏறும் நேரத்தில் கூப்பிடுவான். ஒன்று, இரண்டு, ஐந்து.

குமுதா அந்தத் தனி பேட்டரியை வாங்கிவந்தாள். ஹெட்செட்டின் பின்பட்டையில் அவளே மாட்டினாள். "முன்னும் பின்னும் எடை சமமாயிருச்சு, மூக்கு வலிக்கல" என்று அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டானாம். அன்றிலிருந்து ஆறு, ஏழு மணி நேரம். புஷ்பவல்லி ஆன்டி சோறு கொண்டுவந்தால் ஹெட்செட்டை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நாலு வாய் சாப்பிட்டு மறுபடியும் இறக்கிக்கொள்வான்.

"தூக்கிக்கிறீங்களா?" என்று அவள் கேட்பாள்.

"தூக்கிக்கிறேன்லா. எத்தன தடவ கேப்ப."

அப்போது ஃபேக்டரியில் ஆர்டர் அதிகம். மூன்று வாரம் எங்கள் எல்லோருக்கும் ஓ.டி., ராத்திரி வரை கூடுதல் வேலை. அவள் களைத்து வருவதைப் பார்த்து, தானே உடம்பு துடைத்துக்கொள்வதாக அவன் சொன்னான். அவள் சரி என்றாள். பின்பக்கம் பார்க்கும் கண்ணாடி அலமாரிக்குள் போயிற்று.

ஓ.டி. முடிந்த ஞாயிறு காலையில் மெத்தை விரிப்பை மாற்றப் போனவளுக்கு ஒரு நாற்றம் அடித்தது. கட்டிலுக்கு அடியில் எலி செத்துக் கிடக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாளாம். குனிந்து தேடினாள். ஒன்றுமில்லை. பிறகு அவனைப் புரட்டினாள். உட்காரும் எலும்பு படுகிற இடத்தில் தோல் கறுத்து, நடுவில் குழி. அவள் கட்டைவிரல் உள்ளே போகும் அளவுக்கு. சுற்றிலும் சூடாக இருந்தது.

"எப்பலேருந்துங்க?"

அவன் சுவரைப் பார்த்தபடி இருந்தான். "ரெண்டு வாரம் இருக்கும். ஈரமா இருந்துச்சு. மூத்திரம் பிடிக்கற பை ஒழுகுதுன்னு நெனச்சேன்."

"நெனச்சீங்களா, தெரிஞ்சுதா?"

அவள் ஆம்புலன்சுக்குப் போன் செய்துவிட்டு வந்த பிறகுதான் சொன்னான். "சொன்னா நீ அதக் கழட்டிருவ."

புண் எலும்பு வரைக்கும் போய்விட்டது என்றார்கள். அறுவை செய்து, அழுகியதை எடுத்தார்கள். இனி மாதக்கணக்கில் குப்புறத்தான் படுக்க வேண்டும், உட்காரவே கூடாது என்றார்கள். நான் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். இரண்டாவது முறை முகத்தைக் கட்டில் ஓரத்தில் வைத்துத் தரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். என் செருப்பை வைத்துத்தான் யார் என்று கண்டுபிடித்தான்.

"அக்கா, குமுதா அழறாளா?"

"என்கிட்ட அழல."

"அவ மேல தப்பு இல்லன்னு சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டா. அரை மணிக்கு ஒரு தடவ தூக்கணும்னு எனக்கும்தான் சொன்னாங்க. தூக்கணும்னா வண்டிய ஓரங்கட்டணும். கைய எடுத்தா ஸ்டியரிங் யாரு பிடிக்கறது. நாற்காலி ஞாபகம் வந்துரும்க்கா. அதான் தூக்கல."

தண்ணீர் வேண்டுமா என்று மட்டும் கேட்டேன். உறிஞ்சு குழாயை வாயில் வைத்தேன்.

ஆறாவது வாரம் காய்ச்சல் இறங்கவில்லை. ரத்தத்தில் கிருமி கலந்து சிறுநீரகம் நின்றது. வியாழக்கிழமை பகல் ஒரு மணிக்கு குமுதா கீழே கேன்டீனுக்குப் போய்க் குடிக்க ஒரு மைலோ வாங்கிக்கொண்டு வந்தபோது அவன் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்து மூடியிருந்தார்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு திருமுருகனும் வந்தான். யாரோ சொல்லி அன்றுதான் முழு விவரமும் தெரிந்திருக்கிறது. எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த குமுதாவிடம் வந்து நின்றான். நான் பக்கத்தில் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, எனக்கு இந்த அரை மணி நேர விஷயமெல்லாம் தெரியாதுக்கா. தெரிஞ்சிருந்தா அந்த பேட்டரியப் பத்தி வாயே தெறந்திருக்க மாட்டேன்."

அவள் கழுவுவதை நிறுத்தவில்லை. "உனக்குத் தெரியாது தம்பி. எனக்குத் தெரியும். டாக்டரு என்கிட்டதான் சொன்னாரு. ரெண்டு மணி நேரத்துல அது அணையறதே நல்லதுன்னு ஒரு நாள் எனக்கே தோணுச்சு. தோணியும் போய் வாங்கிட்டு வந்தேன். எனக்கு அந்தப் போனு அடிக்காம இருந்தா போதும்னு இருந்துச்சு."

திருமுருகன் என்னைப் பார்த்தான். நாகையா சொல்லச் சொன்னதை நான் ஏற்கெனவே அவளிடம் சொல்லியிருந்தேன். அவள் கேட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். அந்தப் பையன் சட்டென்று குனிந்து, அடுக்கி வைத்த தட்டுகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.

தைப்பூசம் முடிந்து குமுதா ஃபேக்டரி வேலையை விட்டாள். வீட்டைக் காலி செய்துவிட்டு காப்பாரில் அவள் அக்கா வீட்டோடு போய்விட்டாள். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். படுத்த படுக்கையாக இருப்பவர்களைக் குளிப்பாட்டி, மணிக்கணக்குப் பார்த்துப் புரட்டிவிடுகிற வேலை. போன மாதம் போய்ப் பார்த்தேன். கை தடித்திருந்தது, முகம் இளைத்திருந்தது. ஏன் இந்த வேலைக்குப் போனாய் என்று கேட்டேன்.

"காப்பார்ல வேற வேலை கெடைக்கலக்கா" என்றாள்.